காசிமேட்டில் கரை ஏன் ‘முழுகுது’? பூமி உருண்டை என்பதற்கு வடசென்னையிலேயே இருக்கும் ஆதாரங்கள்

ஜூம் கேமரா ரீல்ஸ், நிழல் இல்லாத மதியம், மீனவரின் வயர்லெஸ்... நாசா படம் இல்லாமலே பூமியின் வடிவத்தைச் சோதிப்பது எப்படி?

போன வாரம் ராத்திரி எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல்ஸ் வந்தது. கடற்கரையில் ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறார். கடலில் ஒரு படகு போகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. உடனே அவர் கேமராவை ஜூம் செய்கிறார். காணாமல் போன படகு ‘டக்’கென்று திரும்ப வந்துவிடுகிறது. “பார்த்தீங்களா, படகு எந்த வளைவுக்கும் கீழே போகலை. பூமி தட்டைதான். இத்தனை நாளா ஏமாத்திட்டாங்க” என்று முடிகிறது வீடியோ.

குரூப்பில் பாதிப் பேர் சிரிக்கும் எமோஜி போட்டார்கள். ஒருத்தன் மட்டும் சீரியஸாகக் கேட்டான்: “சரி, சேட்டிலைட் போட்டோவை விடு. பூமி உருண்டைன்னு நீ நேர்ல எங்கயாவது பார்த்திருக்கியா?”

நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலானவர்கள் பள்ளியில் மனப்பாடம் செய்ததை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம். ‘சொன்னாங்க, நம்பினேன்’ என்பதுதான் நம் ஆதாரம் என்றால், ரீல்ஸ் பார்த்து நம்புகிறவருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் நாசா கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையில் இருந்தே என்னென்ன பார்க்கலாம் என்று மட்டும் பார்ப்போம். கொஞ்சம் பரங்கிமலை வரை போக வேண்டியிருக்கும்.

முதலில் சித்தப்பாவிடம் கேட்டேன். காசிமேட்டில் லாஞ்ச் டிரைவர். வீடியோவைக் காட்டினதும், “இதுக்கெல்லாம் உனக்கு ஆபீஸ்ல சம்பளம் குடுக்குறாங்களாம்மா?” என்றார். பிறகு அவரே சொன்னார்: “கடலுக்குள்ள போவ போவ கரை முழுவும். முதல்ல மணல் போவும், அப்புறம் வீடுங்க போவும், கடைசியா எண்ணூர் சிம்னி மட்டும் நிக்கும். வரும்போது அதே சிம்னிதான் முதல்ல எழும்பும். இதுல இன்னா சந்தேகம்?”

கரை ‘சின்னதாகுது’ என்று அவர் சொல்லவில்லை. ‘முழுகுது’ என்றார். விஷயமே இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஜூம் வீடியோவில் என்ன தப்பு?

ஒரு படகு நம் கண்ணில் இருந்து மறைய இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, அது ரொம்பச் சின்னதாகிவிடுவது. மனிதக் கண்ணின் திறனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 4 கி.மீ. தூரத்தில் சுமார் 1 மீட்டர் அளவுள்ள பொருளே நமக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஃபைபர் போட் ஒன்று தண்ணீருக்கு மேலே அவ்வளவு உயரம்தான் நிற்கும். கடல்காற்றில் இருக்கும் ஈரமும் தூசும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். இப்படி மறைந்ததை ஜூம் திரும்பக் கொண்டுவரும். ரீல்ஸில் காட்டுவது இதைத்தான்.

இரண்டாவது, நடுவில் ஏதோ ஒன்று வந்து மறைப்பது. இங்கே மறைப்பது கடல்தான். இப்படி மறைந்ததை எத்தனை மடங்கு ஜூம் செய்தாலும் கொண்டுவர முடியாது. சுவருக்குப் பின்னால் நிற்பவரை ஜூம் செய்து பார்க்க முடியுமா?

அப்படியானால் இரண்டில் எது நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். ஜூம் செய்யாதீர்கள், மாடிக்குப் போங்கள்.

திருவொற்றியூர் மொட்டைமாடி சோதனை

நாம் நிற்கும் இடத்தில் இருந்து அடிவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீர் மட்டத்தில் இருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வரும்.

- அலை ஓரம் நின்றால் (கண் உயரம் 1.6 மீ.): சுமார் 4.5 கி.மீ.
- லாஞ்ச் வீல்ஹவுஸில் இருந்து (4 மீ.): சுமார் 7 கி.மீ.
- மூன்றாவது மாடியில் இருந்து (10 மீ.): சுமார் 11 கி.மீ.
- 45 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இருந்து: சுமார் 24 கி.மீ.

சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் வரும் சரக்குக் கப்பல்கள் உள்ளே இடம் கிடைக்கும் வரை வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரையில் இருந்து 15 கி.மீ. தள்ளி நிற்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். அலை ஓரத்தில் நின்று பார்த்தால், கணக்குப்படி அதன் அடியில் சுமார் 9 மீட்டர் மறைந்திருக்க வேண்டும். கப்பலின் உடல் பெரும்பாலும் போய்விடும். மேலே இருக்கும் மாடிக் கட்டடமும் கிரேன்களும் மட்டும் தண்ணீரில் முளைத்த மாதிரி நிற்கும்.

இப்போது கடலோர அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடிக்குப் போய் அதே கப்பலைப் பாருங்கள். மறைவது 1 மீட்டர்தான். அதாவது, காணாமல் போன உடல் திரும்ப வந்துவிடும். கப்பல் ஒரு அடிகூட நகரவில்லை, கேமராவும் அதேதான். நீங்கள் 8 மீட்டர் மேலே ஏறினீர்கள், அவ்வளவுதான்.

தட்டையான பூமியில் இது நடக்க வழியே இல்லை. அங்கே மறைக்க நடுவில் எதுவும் கிடையாது. மாடியில் ஏறினால் கப்பல் இன்னும் தெளிவாகத் தெரியலாம், ஆனால் புதிதாக ஒரு பகுதி ‘முளைக்காது’.

செய்து பார்க்க விரும்பினால் சில டிப்ஸ். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது; காலையில் சூரியன் முகத்துக்கு நேராக அடிக்கும். மாலை 4 மணிக்கு மேல் போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கப்பல் பளிச்சென்று தெரியும். கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை ‘மரைன் டிராஃபிக்’ மாதிரியான ஆப்களில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பைனாகுலர் அல்லது நல்ல ஜூம் உள்ள போன் போதும்.

“ஆனா சில நாள் கணக்கு தப்பா வருதே?”

வரும். இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. தண்ணீருக்கு மேலே உள்ள காற்றின் வெப்பநிலை சீராக இருப்பதில்லை. அதனால் ஒளி நேர்க்கோட்டில் போகாமல் லேசாக வளைகிறது. சாதாரண நாளில் இதனால் அடிவானம் சுமார் 8 சதவீதம் தள்ளிப்போகும். குளிர்ந்த தண்ணீருக்கு மேல் சூடான காற்று இருக்கும் நாட்களில், தெரியவே கூடாத பொருள்கூட மேலே எழும்பித் தெரியலாம். வெயில் நேரத்து தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி தெரிவதன் அண்ணன் தம்பிதான் இது.

தட்டை பூமி வீடியோக்களில் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு நாளைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. ‘மைல் கணக்கை அதே எண்ணால் பெருக்கி, அதை 8 அங்குலத்தால் பெருக்கு’ என்று ஒரு ஃபார்முலா சொல்வார்கள். அதன்படி 10 மைல் தூரத்தில் 20 மீட்டர் மறைந்திருக்க வேண்டும். ஆனால் அது கண்ணைத் தண்ணீர் மட்டத்திலேயே வைத்துப் பார்த்தால் வரும் கணக்கு. நின்றுகொண்டு பார்க்கும் ஆளுக்குச் சுமார் 10 மீட்டர்தான் மறையும். பாதிக்குப் பாதி வித்தியாசம்! ‘20 மீட்டர் மறையணும், மறையலையே’ என்று அவர்கள் கேட்பது இதனால்தான்.

விளக்கை ஏன் மேலே மேலே தூக்கினார்கள்?

சென்னைக் கடற்கரை தட்டையானது. கப்பலில் வருபவருக்கு அடையாளம் காட்ட கரையோரம் பெரிய மலை எதுவும் இல்லை. 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மேல் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1844-ல் அதற்கென்றே சுமார் 38 மீட்டர் உயரத்தில் ஒரு கல்தூண் எழுப்பினார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். 1894-ல் விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கே ஏறியது. மெரினாவில் இப்போது இருக்கும் லைட் ஹவுஸ் 1977-ல் வந்தது.

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் போதாதா, எதற்கு இவ்வளவு உயரம்? போதாது. அடிவானத்துக்குக் கீழே இருக்கும் கப்பலுக்கு எவ்வளவு பிரகாசமான விளக்கும் நேரடியாகத் தெரியாது. உயரம் வேண்டும். சித்தப்பாவுக்கு எண்ணூர் சிம்னி கடைசி வரை தெரிவதும் அதனால்தான். 200 மீட்டர் உயரமுள்ள ஒரு புகைபோக்கி, காற்று தெளிவாக இருந்தால், கணக்குப்படி 50 கி.மீ.க்கு அப்பாலும் தெரிய வேண்டும்.

தடைக்காலத்தில் வரும் நிழல் இல்லாத மதியம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் எல்லாம் கரையில் நிற்கும். அந்த நேரத்தில்தான், ஏப்ரல் 24, 25 வாக்கில், சென்னையில் மதியம் சுமார் 12.07-க்குச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் கம்பத்துக்கு அந்த நொடியில் நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வரும்.

அதே நாளில் கன்னியாகுமரியில் 1 மீட்டர் குச்சியை நட்டுவைத்தால், அங்கே நண்பகலான சுமார் 12.18-க்கு, கிட்டத்தட்ட 9 செ.மீ. நிழல் விழும். இதைக் கோணமாக மாற்றினால் 5 டிகிரி. சென்னைக்கும் குமரிக்கும் இடையே தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் தூரம் சுமார் 553 கி.மீ. ஒரு முழு வட்டம் 360 டிகிரி. அதில் 5 டிகிரி என்பது 72-ல் ஒரு பங்கு. 553-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,816 கி.மீ. துருவங்கள் வழியாக பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,008 கி.மீ. ஒரு குச்சியும் ஸ்கேலும் வைத்து இவ்வளவு நெருக்கம்!

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதே கணக்குதான்.

இதற்குத் தட்டை பூமிக்காரர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, அது முட்டாள்தனமான பதிலும் இல்லை. “பூமி தட்டை, சூரியன்தான் ரொம்பப் பக்கத்தில் இருக்கு. அதனால்தான் ஊருக்கு ஊர் நிழல் மாறுது” என்பார்கள். சரி, வைத்துக்கொள்வோம். குமரி நிழலை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் ‘பக்கத்துச் சூரியன்’ சுமார் 6,300 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது மூன்றாவதாக ஒரு ஊரைச் சேர்ப்போம். அதே நாள் மாஸ்கோவில் நண்பகலுக்கு 1 மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 92 செ.மீ. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சூரியன் சுமார் 5,100 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே சூரியன் ஒரே நாளில் இரண்டு உயரத்தில் எப்படி இருக்கும்? உருண்டை பூமியில் இந்தச் சிக்கலே இல்லை. எல்லா ஊரின் நிழலும் ஒரே சுற்றளவுக்கு ஒத்துப்போகும்.

அதாவது, இரண்டு ஊர் போதாது, மூன்று வேண்டும். ஓர் ஆதாரம் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்காமல் ‘இதோ நிரூபணம்’ என்று நாமும் ஃபார்வர்டு செய்துவிடக் கூடாது.

ராத்திரி வானம் சொல்வது

எண்ணூர் முகத்துவாரம் பக்கம் இரவில் நின்று வடக்கே பாருங்கள். ஆலை விளக்குகளின் வெளிச்சம் இல்லாத இடமாக இருந்தால் நல்லது. துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து 13 டிகிரி உயரத்தில் இருக்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே தேடினால் போதும். குமரியில் அது 8 டிகிரிக்கு இறங்கிவிடும். டெல்லியில் 28-க்கு மேல். சிங்கப்பூரில் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். தெற்கே சுமார் 111 கி.மீ. போனால் ஒரு டிகிரி இறங்கும் என்பதுதான் கணக்கு.

இந்தியப் பெருங்கடல் மாலுமிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ‘கமால்’ என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறது என்று பார்த்து, எந்தத் துறைமுகத்துக்கு நேராக இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள்.

சந்திர கிரகணம் இன்னொரு சாட்சி. 2025 செப்டம்பர் 7 இரவு வந்த முழு சந்திர கிரகணம் ஞாபகம் இருக்கலாம். நிலா மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும். தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு என்றால், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது நிழல் கோடாக விழ வேண்டும். எந்தக் கிரகணத்திலும் அப்படி விழுந்ததில்லை. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் வட்டமாக நிழல் விழும் ஒரே வடிவம் உருண்டைதான்.

கி.பி. 499-ல் ‘ஆர்யபட்டீயம்’ எழுதிய ஆர்யபட்டர் கிரகணத்துக்குப் பூமியின் நிழலே காரணம் என்று சொன்னார். பூமியைக் கடம்ப மலருக்கு ஒப்பிட்டார். கடம்பம்பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பந்து மாதிரி, எல்லாப் பக்கமும் இதழ் நிற்கும்.

உருண்டை சரி. எவ்வளவு உருண்டை?

இந்தக் கேள்விக்கான பதிலில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறினால் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ல் அந்த மலையடிவாரச் சமவெளியில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பித்தார். கோட்டின் நீளம் சுமார் 12 கி.மீ. அளக்கும் கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்பதால் அதற்கு நிழல் கொடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளந்தார்கள். வாரக்கணக்கில் ஆனது.

இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவைக்கு அதுதான் அடிக்கோடு. லாம்ப்டனின் ஆசை வரைபடம் போடுவது மட்டும் அல்ல. பூமியின் சரியான வடிவத்தைக் கண்டுபிடிப்பது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு கோயில் கோபுரம், மலை என்று ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்ப்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

எதற்கு இவ்வளவு பாடு? பூமி சரியான பந்தாக இருந்தால் தெற்கு வடக்காக 1 டிகிரிக்கான தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. நிலநடுக்கோட்டருகே 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7 கி.மீ. துருவங்களில் பூமி கொஞ்சம் தட்டையாக, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பருத்து இருக்கிறது. மையத்தில் இருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கி.மீ., துருவத்துக்கு 6,357 கி.மீ. வித்தியாசம் 21 கி.மீ. தட்டை என்று சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு இந்த 21 கி.மீ. மட்டும்தான் கிடைக்கும்.

அதே காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இன்னொரு சோதனை. 1821-ல் அதன் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம் ஒரு ஊசலை ஆடவிட்டு எண்ணினார். லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 2 நிமிடம் பின்தங்கும். காரணம், இங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. பூமி சுழல்வதும், நாம் அதன் மையத்தில் இருந்து லண்டனைவிடக் கொஞ்சம் தள்ளி இருப்பதும் சேர்ந்து அதைக் குறைக்கின்றன.

இன்னும் நுணுக்கமாகப் போனால் கதை சுவாரசியமாகும். செயற்கைக்கோள் தரும் உயரத்தைத் திருத்தாமல் காட்டும் சில ஜிபிஎஸ் ஆப்கள் உண்டு. காசிமேட்டு மணலில் நின்று அதைத் திறந்தால், கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் உயரம் மைனஸ் 90 மீட்டர் பக்கம் காட்டும். போன் கெட்டுப்போகவில்லை. கணக்குக்காக வரைந்த வழவழப்பான பூமியைவிட, நம் பக்கத்து நிஜக் கடல் மட்டம் அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இது 106 மீட்டர் வரை போகிறது. ஈர்ப்பு அங்கே பலவீனமாக இருப்பதுதான் காரணம்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

குரூப்பில் அடுத்து வந்த கேள்வி இதுதான். “உருண்டையோ தட்டையோ, நாளைக்கு ஆபீஸ் போகணும்ல?”

நமக்கு அப்படித்தான். சித்தப்பாவுக்கு அப்படி இல்லை.

படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸின் அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். ஒளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையும், அவ்வளவுதான். 5 மீட்டர் உயர ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 18 கி.மீ. வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 60 மீட்டர் டவர் இருந்தால் அது சுமார் 40 கி.மீ. ஆகும். அதற்கு மேல் செட்டின் பவரைக் கூட்டியும் பெரிய பலன் இல்லை. ஜூம் கதைதான் இங்கேயும். 100 கி.மீ. தள்ளி இருக்கும் படகுக்கும் கரைக்கும் நேர்க்கோடு போட்டால், நடுவில் அந்தக் கோட்டுக்கு மேல் கிட்டத்தட்ட 200 மீட்டர் கடல்நீர் மேடாக நிற்கிறது. செய்தி அந்த மேட்டில் நின்றுவிடும்.

2017 நவம்பர் 30-ல் கன்னியாகுமரி கடலில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு நடந்தது இதுதான். எச்சரிக்கை தாமதமானதா என்ற விவாதம் தனி. வந்த எச்சரிக்கையும் பல நாள் தங்கலுக்குப் போயிருந்த படகுகளை எட்டும் வழி இல்லை. தமிழகம், கேரளம் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

இதற்குத் தீர்வும் லைட் ஹவுஸுக்குக் கண்டுபிடித்த அதே தீர்வுதான்: உயரம். ஆன்டெனாவை சுமார் 36,000 கி.மீ. மேலே, செயற்கைக்கோளில் வைத்துவிட்டால் வளைவு குறுக்கே வராது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. கரைக்கும் படகுக்கும் இடையே இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆபத்து என்றால் எஸ்.ஓ.எஸ். கொடுக்கலாம். நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

பூமி தட்டையாக இருந்திருந்தால் இவ்வளவு செலவே தேவையில்லை. காசிமேட்டில் ஒரு நல்ல டவர் போதும். எத்தனை நூறு கி.மீ. தள்ளி இருந்தாலும் “புயல் வருது, திரும்பி வா” என்று சொல்லிவிடலாம்.

அடுத்த முறை அந்த ரீல்ஸ் உங்கள் குரூப்புக்கு வந்தால் சண்டை போட வேண்டாம், கிண்டலும் வேண்டாம். அனுப்பினவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூர் கடற்கரைக்குக் கூப்பிடுங்கள். தூரத்துக் கப்பல் ஒன்றை அலை ஓரத்தில் இருந்து முழு ஜூமில் ஒரு படம், மூன்றாவது மாடியில் இருந்து அதே ஜூமில் ஒரு படம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

நான் எங்கள் குரூப்பில் அதைத்தான் செய்தேன். கேள்வி கேட்டவன் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “மச்சி, அந்த மாடிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ” என்று மெசேஜ் போட்டான். வரும் ஞாயிறு போகிறோம்.